சரிவான வளவில போட்ட கொட்டில் சரியுதா, இறங்குதா, தண்ணி ஏறுதா? அறிகுறியப் பாத்து அத்திவாரத்தச் சரி செய்யிற வழி

கொட்டில் போட்ட ஆக்கள் சொல்லுற முறைப்பாடு கனக்க இருக்கும், கதவு இறுகுது, தரை வெடிச்சிட்டு, ஒரு மூலை இறங்கிட்டு, மாரி மழைக்கு உரப்பை எல்லாம் நனைஞ்சு போச்சு, காத்து அடிச்சா கிறீச் எண்டு சத்தம். ஆனா கிண்டிப் பாத்தா முக்கால்வாசிக்கு காரணம் ரெண்டுதான். ஒண்டு, கொட்டி நிரவின மண்ணுக்கு மேல கொட்டில்ட கால (அதத் தாங்குற தூண) ஊண்டினது. மற்றது, மேல் பக்கத்தால வாற தண்ணிக்கு வழி விடாதது. சீமெந்து குறைச்சுப் போட்டுட்டான், கம்பி காணாது எண்டு மேசனோட சண்டைக்குப் போறதுக்கு முதல் இந்த ரெண்டையும் பாருங்கோ.

இன்னொரு விசயம். யூடியூப்பில இதப்பத்தி வாற வீடியோ எல்லாம் கனடா, அமெரிக்கா ஆக்கள் போடுறது, அவைக்கு நிலம் உறைஞ்சு வீங்கி அத்திவாரத்தத் தூக்கிற பிரச்சினை, அதால 3 அடி 4 அடி தோண்டு எண்டு சொல்லுவினம். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல. திருகோணமலையில எங்கட எதிரி ஐப்பசியில இருந்து தை வரைக்கும் பெய்யிற மழை, கடல் காத்தில உள்ள உப்பு, கறையான், எப்பவாவது வாற புயல். ஆழத்த தீர்மானிக்கிறது இறுக்கமான மண் எத்தின அடியில ஆரம்பிக்குது எண்டதுதான், வேற ஒண்டுமில்ல.

எந்த அறிகுறிக்கும் முதல் இதச் செய்யுங்கோ

ஹாட்வெயார் கடையில கண்ணாடி மாதிரித் தெரியிற பிளாஸ்டிக் பைப் 30 அடி வாங்குங்கோ, அதுக்குள்ள காத்துக் குமிழி இல்லாம தண்ணி நிரப்பினா அதுதான் லெவல் பைப். ஒரு நுனிய ஒரு மூலையில பிடிச்சு மற்ற நுனிய மற்ற மூணு மூலைக்கும் கொண்டு போய், தண்ணி நிக்கிற உயரத்தில இருந்து தரைக்கு எத்தின இஞ்சி எண்டு அளந்து எழுதி வையுங்கோ. இரசமட்டம் சின்ன நீளத்துக்குத்தான் சரி, 10 அடி கொட்டிலுக்கு அத நம்பி வேலை செய்ய ஏலாது.

வெடிப்பு இருந்தா ரெண்டு நுனியிலயும் பென்சிலால கோடு போட்டு பக்கத்தில திகதிய எழுதுங்கோ. ஒரு மாரி முடிஞ்சு வெடிப்பு அந்தக் கோட்டத் தாண்டேல்ல எண்டா அது பழைய வெடிப்பு, பூசிப்போட்டு விடலாம். தாண்டிட்டுது எண்டா கீழ மண் இன்னும் அசையுது, பூசினா பூச்சுக் காசும் போகும்.

பிறகு மண். கொட்டிலுக்குப் பக்கத்தில மேல் பக்கம் ஒண்டு, கீழ் பக்கம் ஒண்டு எண்டு அலவாங்கால ரெண்டு அடிக்கு கிடங்கு தோண்டுங்கோ. இயற்கை மண் எண்டா நிறம் மேல இருந்து கீழ மெதுவா மாறும், அலவாங்கு பட்டா கணீர் எண்டு கேக்கும், கிரவல் எண்டா உள்ளங்கை எரியும். கொட்டின மண் அப்பிடி இல்ல, பொத்தெண்டு இறங்கும், அதுக்குள்ள உடைஞ்ச ஓட்டுத்துண்டு, லன்ச் சீற் (சோறு கட்டுற பொலித்தீன்), சோடா மூடி, பழைய பூச்சுக் கட்டி எல்லாம் வரும். கீழ்க் கிடங்கில லன்ச் சீற் வந்திட்டுதோ, உங்கட பாதி விடை கையில. எங்கட பக்கம் வீடு கட்டேக்க மேல் பக்கத்த வெட்டி அந்த மண்ணக் கீழ் பக்கம் தள்ளி வளவ மட்டமாக்கிறது வழக்கம், பத்து வருசம் போனா புல்லு முளைச்சு மரம் வளந்து பாக்க இயற்கை நிலம் போலவே இருக்கும்.

ஆடி ஆவணியில தோண்டிப் பாத்திட்டு நிலம் கல்லு மாதிரி எண்டு சந்தோசப்படாதேங்கோ. கச்சான் காத்தில காஞ்ச களி மண் அப்பிடித்தான் இருக்கும், அதே மண் மார்கழியில கால் புதையும். தோண்டின கிடங்க தண்ணியால நிரப்பி ஒரு ராத்திரி விட்டிட்டு, காலமை அடியில ஒரு அரை இஞ்சிக் கம்பியக் கையால குத்திப் பாருங்கோ. கைப்பலத்துக்கே ரெண்டு மூண்டு இஞ்சி இறங்கினா அந்த ஆழம் காணாது, இன்னும் கீழ போகோணும்.

கதவு இறுகுது, அல்லது தானாத் திறக்குது

இது ரெண்டும் ஒண்டில்ல, கனபேர் ஒண்டாக்கிக் கதைக்கினம். கதவு எங்கயும் முட்டாம, விட்ட உடன தானா ஆடித் திறக்குது இல்லாட்டி மூடுது எண்டா, கொட்டில் முழுசா ஒரு பக்கம் சரிஞ்சிருக்கு, சட்டம் சதுரமாத்தான் இருக்கு. கதவு மேல் மூலையில உரசுது, பூட்டு நாக்கு ஓட்டைக்கு நேரா வருதில்ல எண்டா சட்டமே கோணிட்டுது, அதாவது ஒரு மூலை மட்டும் இறங்கி மற்ற மூண்டும் நிக்குது.

உறுதிப்படுத்த கதவு நிலையின்ட ரெண்டு மூலைவிட்டத்தையும் அளவுநாடாவால அளந்து பாருங்கோ. ரெண்டும் சமன் எண்டா சரிவு, வித்தியாசம் எண்டா கோணல். பிறகு லெவல் பைப் அளவு எந்த மூலை எத்தின இஞ்சி எண்டு சொல்லிடும். கதவ இழைச்சு விடுற வேலைய மட்டும் செய்யாதேங்கோ, அடுத்த மாரிக்கு திரும்ப இறுகும், அப்ப இழைக்கிறதுக்குப் பலகை மிஞ்சாது.

கோணல் எண்டா: கார் ஜாக்கு இல்லாட்டி போத்தல் ஜாக்க ஒரு தடிச்ச பலகையில வைச்சு (நேரா மண்ணில வைச்சா ஜாக்குத்தான் கீழ போகும்) இறங்கின மூலைய கால் இஞ்சி கால் இஞ்சியாத் தூக்குங்கோ, ஒவ்வொரு தடவையும் பக்கத்தில கட்டை அடுக்கிப் பாரத்த அதில விடுங்கோ. ஜாக்கில மட்டும் நிக்கிற கொட்டிலுக்குக் கீழ தலையக் குடுக்கவே கூடாது. உள்ள இருக்கிற உரப்பை, சீமெந்துப்பை எல்லாத்தையும் வெளியில எடுத்திட்டுத்தான் தூக்கோணும், 50 கிலோப் பை பத்து இருந்தாலே அரைத் தொன். தூக்கினதோட வேலை முடியேல்ல, அந்தக் கால் ஏன் இறங்கினது எண்டதுக்கு அடுத்த பகுதியப் பாருங்கோ.

கீழ்ப் பக்க மூலை ஒவ்வொரு மாரிக்கும் கொஞ்சம் கொஞ்சமா இறங்குது

இதுதான் ராசா. காரணம் ஏறக்குறைய எப்பவும் கொட்டின மண். மேல்பக்கக் கால் வெட்டின நிலத்தில, இயற்கை மண்ணில, அது அசையாது. கீழ்ப்பக்கக் கால் அந்த வெட்டின மண்ணையே கொட்டி நிரவினதில, அது நனையேக்க நனையேக்க அமரும். கொங்கிறீட் எவ்வளவு தடிப்பாப் போட்டாலும் இதுக்கு உதவாது, பாரம் கூடி இன்னும் கெதியா இறங்கும்.

கணக்க ஒருக்காப் பாப்பம். 10 அடிக்கு 8 அடி தகரக் கொட்டில், கூரை, சட்டம், பலகைத் தரை எல்லாம் 500 கிலோ எண்டு வையுங்கோ, உள்ள சாமான் ஒரு தொன். மொத்தம் 1500 கிலோ, 6 கால் எண்டா காலுக்கு 250 கிலோ. அது ஒரு சதுர அடி பாதத்தில (காலுக்கு அடியில போடுற அகலக் கொங்கிறீட்டில) நிண்டா நல்ல கிரவல் நிலத்துக்கு ஒரு பொருட்டே இல்ல. ஆனா எங்கட ஆக்கள் செய்யிறது என்ன, ஒரு 4 இஞ்சி புளொக் கல்ல நிமித்தி வைச்சு அதில ஏத்துறது. 16 இஞ்சிக்கு 4 இஞ்சி எண்டா அரைச் சதுர அடியும் வராது, ஒரு சதுர அடியில வாற அழுத்தம் ரெண்டு மடங்குக்கு மேல போகும், அதுவும் நனைஞ்ச கொட்டு மண்ணில.

சரி செய்யிறது இப்பிடி: அந்த மூலையத் தூக்கிக் கட்டையில நிப்பாட்டிட்டு, பழைய கல்ல எடுத்திட்டு, லன்ச் சீற் வாறது நிண்டு இயற்கை மண் தட்டுப்படும் மட்டும் தோண்டுங்கோ. 2 அடியில கிடைக்கலாம், 4 அடியும் போகலாம். அடிய மட்டமா வெட்டி (சரிவுக்குச் சமாந்தரமா விட்டா கால் வழுக்கும்) 18 இஞ்சிக்கு 18 இஞ்சி, 9 இஞ்சி தடிப்பில பாதம், அதுக்கு மேல 9 இஞ்சித் தூண். கலவை 1:2:4 (சீமெந்து, மணல், சல்லி). தோண்டினா தோண்டினா கொட்டு மண்தான் வருது, 4 அடியும் தாண்டிட்டுது எண்டா அந்த இடத்த விட்டிட்டு கொட்டில மேல் பக்கம் நகத்திறதுதான் மலிவு. மனசுக்குக் கஷ்டந்தான், ஆனா ஒவ்வொரு வருசமும் ஜாக்கு வைக்கிறத விட அது நல்லம்.

கவனிக்க, கீழ் மூலை இறங்கிற இடத்தில பழைய கக்கூஸ் குழியோ மூடின கிணறோ இல்லாட்டி அடியோட வெட்டின பெரிய மரமோ இருந்ததா எண்டு வீட்டில வயது போன ஆக்களிட்டக் கேளுங்கோ. உக்கின வேர் விட்ட வெற்றிடம் வருசக் கணக்கில இறங்கிக் கொண்டே இருக்கும்.

எல்லாம் இறங்குது, ஒரு கால் மட்டும் நிக்குது

உவர்மலைப் பக்கம், இன்னும் டவுனச் சுத்தி மேட்டுப் பக்கம் இருக்கிற சில வளவில இது வரும். பாறை மேலயே கிடக்கும், ஒரு கிடங்கில அரை அடியில கல்லு, 6 அடி தள்ளி அடுத்த கிடங்கில தனி மண். பாறையில நிக்கிற கால் அசையாது, மற்றது கொஞ்சமாவது அமரும், பலகைத் தரை பாறைக் காலுக்கு மேல மேடு மாதிரித் தூக்கி நிக்கும். ஆக்கள் அந்தக் கால்தான் பிழை எண்டு அத உடைக்கப் பாப்பினம், அதுதான் அங்க நல்ல கால்.

மண்ணில நிக்கிற காலுகளின்ட பாதத்தப் பெருப்பியுங்கோ, 18 இஞ்சிக்குப் பதிலா 24 இஞ்சி. பாறை சரிவா இருந்தா அதில சும்மா கொங்கிறீட்ட ஊத்தாதேங்கோ, மேல மேற்பரப்ப உளியால கொத்தி மட்டமாக்கி, ரெண்டு துளை போட்டு 12 மில்லிமீற்றர் கம்பி இறுக்கி அதோட சேத்து ஊத்தோணும்.

காலுகள் சரிவுக்குக் கீழ்ப்பக்கமாச் சாயுது

இறங்கேல்ல, சாயுது. தூக்குக்குண்டு கட்டிப் பாத்தாத் தெரியும். தனித்தனி புளொக் கல்ல ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கி ரெண்டு அடிக்கு மேல கொண்டு போன கொட்டில்ல இதக் காணலாம், கல்லுக்கும் கல்லுக்கும் இடையில சாந்து கூட இருக்காது. மேல் மண் மழையில நனைஞ்சு மெல்ல மெல்லக் கீழ ஊருது, ஆழமில்லாத பாதம் அதோட சேந்து போகுது.

முதல் மருந்து தண்ணி வழி (கீழ இருக்கு). ரெண்டாவது, 18 இஞ்சிக்கு மேல உயரம் எண்டா கல்லு அடுக்கிற யோசனைய விடுங்கோ, கம்பி வைச்ச கொங்கிறீட் தூணாப் போடுங்கோ. மூண்டாவது குறுக்குத் தாங்கி: எல் அயன் இல்லாட்டி பொக்ஸ் பார் எடுத்து கீழ் வரிசைக் காலுகளுக்கு இடையில எக்ஸ் மாதிரி, மேல் கால் அடியில இருந்து கீழ் கால் தலைக்கு ஒரு சரிவுத் தாங்கி. சரிவில நிக்கிற கொட்டிலுக்கு இந்தத் தாங்கி ஏன் எண்டு கேட்டா, கீழ்க் கால் 3 அடி, மேல்க் கால் அரை அடி, பக்கவாட்டில தள்ளுற பலம் எல்லாம் குட்டைக் காலுக்கே போகுது, நெட்டைக் கால் சும்மா ஆடிக்கொண்டு நிக்குது. தாங்கி போட்டா ரெண்டும் சேந்து வேலை செய்யும்.

மழைக்கு உள்ள தண்ணி, அல்லது அடியால ஓடுது

கூரை ஒழுகுதோ எண்டு தகரத்துக்கு மேல ஏறி நிக்காமக் கீழ பாருங்கோ. மழை பெய்யேக்க ஒரு குடையப் பிடிச்சுக்கொண்டு கொட்டிலுக்கு மேல் பக்கம் போய் நிண்டு தண்ணி எந்தப் பக்கத்தால வருது எண்டு பாத்தா அஞ்சு நிமிசத்தில விளங்கும், வெயிலுக்க நிண்டு யோசிச்சா ஒரு நாளும் விளங்காது. மழை பாக்க ஏலாட்டி அடையாளம் இருக்கும்: மேல்பக்கக் காலில சேத்துக் கோடு, சருகும் சின்னக் கல்லும் ஒரு வரியா ஒதுங்கினது, கீழ்பக்கம் மண் அரிச்சு விரல் விரலாக் கிடக்கிறது.

கொட்டிலுக்கு மேல் பக்கம் ஒரு 3 அடி தள்ளி, சரிவுக்குக் குறுக்க ஒரு கான் வெட்டுங்கோ, ஒரு அடி அகலம் ஒரு அடி ஆழம், கொட்டில விட ரெண்டு பக்கமும் 3 அடி நீளமா. நூறு அடிக்கு ஒரு அடியாவது சரிவு இருந்தாத்தான் ஓடும், 10 அடிக்கு ஒண்டேகால் இஞ்சி. அதுக்குள்ள முக்கால் இஞ்சிச் சல்லி நிரப்பினா கால் இடறாது. ஆனா கான்ட முடிவு எங்க எண்டு முதல் யோசியுங்கோ. அது பக்கத்து வளவு மதிலடியில போய் முடிஞ்சா அந்த மாரிக்கு வேலிச் சண்டை நிச்சயம், வெட்ட முதலே போய் அவையோட ஒரு வார்த்தை கதைச்சிடுங்கோ.

கொட்டிலச் சுத்தி நிலம் வெளிப்பக்கம் சரிஞ்சு போகோணும், 10 அடிக்கு 6 இஞ்சி நல்ல கணக்கு, மேல் பக்கத்திலயும் அப்பிடித்தான், முதல் 3 அடி கொட்டில விட்டுக் கானுக்குச் சரியோணும். கூரைக்குப் பீலி போட்டிருக்கோ? தகரக் கூரைத் தண்ணி ஒரே கோட்டில விழுந்து சரியாக் கால் அடியத்தான் தோண்டும். பீலி இல்லாட்டி அந்தக் கோட்டில ஒரு அடி அகலத்துக்குச் சல்லி பரப்புங்கோ, அதுவும் காணும்.

உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கம் மணல் நிலம் எண்டா கதை கொஞ்சம் வேற. தண்ணி நிக்காது, உறிஞ்சும், ஆனா ஓடுற தண்ணி மணல அரிச்சுக்கொண்டு போய் பாதம் வெளியில தெரியும். அங்க பாதம் அகலமா, 2 அடியாவது கீழ இருக்கோணும், காலச் சுத்திப் புல்லு வளர விடுங்கோ. கடற்கரைக்குக் கிட்ட எண்டா இன்னொண்டு, அலை வாற உயர் மட்டத்தில இருந்து 300 மீற்றர் தரைப் பக்கம் கரையோர வலயம் எண்டு சட்டத்தில இருக்கு, அதுக்குள்ள கட்டிடம் போடுறதுக்கு அனுமதி கேட்டிட்டுச் செய்யுங்கோ.

கொங்கிறீட் தரை வெடிச்சிருக்கு

வெடிப்பு எங்க, எப்பிடி எண்டதுதான் கேள்வி. மயிர் மாதிரி மெல்லிசா, அங்கயும் இங்கயும் வலை போலக் கிடந்தா அது கொங்கிறீட் கெதியாக் காஞ்சதால வந்தது, போட்டிட்டு வெயில்ல விட்டிருப்பினம், பயப்பட ஒண்டுமில்ல. சரிவுக்குக் குறுக்க நேரா ஒரு கோடு, அதில கீழ் பக்கம் கொஞ்சம் பதிஞ்சு கால் விரல் தட்டுது எண்டா, அந்தக் கோட்டுக்கு நேர் கீழதான் வெட்டின நிலம் முடிஞ்சு கொட்டின மண் தொடங்குது. இத ஒட்ட ஏலாது. சின்னக் கொட்டில் எண்டா தரைய விட்டிட்டு, பதிஞ்ச பக்கம் தரைக்கு வெளியில கால் போட்டு சுவர் சட்டத்த அதில ஏத்துங்கோ, தரை பாட்டுக்கு இறங்கட்டும்.

புதுசா தரை போடுறதா இருந்தா முழுசையும் வெட்டின பக்கத்தில போடுங்கோ. கொட்டித்தான் ஆகோணும் எண்டா கிரவலால, 6 இஞ்சி 6 இஞ்சியா, ஈரமாக்கி, கொம்பக்டர் வாடகைக்கு எடுத்து இடிச்சு இறுக்கி ஏத்தோணும். ஒரு டிராக்டர் பெட்டி கிரவல ஒரே தடவையாக் கொட்டி மேல நாலு பேர் மிதிச்சா அது இறுக்கம் இல்ல.

புளொக் கல்லுச் சுவரில வெடிப்பு படி படியா ஏறுது எண்டா, அத்திவாரக் கிடங்க சரிவோட சரிவா வெட்டிக் கட்டியிருக்கினம். கருங்கல் அத்திவாரம் சரிவில போடேக்க கிடங்கின்ட அடி படிக்கட்டு மாதிரி இறங்கோணும், ஒவ்வொரு படியும் தனித்தனி மட்டமா, மேல் படி கீழ்ப் படிக்கு மேல ஒரு அடியாவது ஏறிப் படுத்திருக்கோணும்.

பலகைத் தரை மிதிச்சா நடுவில துள்ளுது

இது அத்திவாரம் இறங்கினதால இல்ல. நடுவில கால் இல்ல. 10 அடி நீளத்துக்கு நாலு மூலையில நாலு கால் போட்டா வளை (தரையத் தாங்குற நீட்டுச் சட்டம்) வளையத்தான் செய்யும். நடுவில ரெண்டு கால் சேருங்கோ, முடிஞ்சுது.

காத்துக்கு ஆடுது

2020 டிசம்பர் 2ஆம் திகதி ராத்திரி புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில கரையேறினது ஞாபகம் இருக்கும். மணிக்கு 90 கிலோமீற்றர் காத்து ஒரு சதுர மீற்றருக்கு 38 கிலோ அளவில தள்ளும். 80 சதுர அடிக் கூரைய அது மேல இழுத்தா 280 கிலோ கிட்ட. வெறும் தகரக் கொட்டில், உள்ள சாமான் இல்ல எண்டா அதின்ட 500 கிலோப் பாரத்தில பாதிக்கு மேல இதிலயே போயிடும், அதுவும் கால்ல நிக்கிற கொட்டிலுக்கு அடியாலயும் காத்து நுழையும்.

இங்கதான் கல்லு மேல சும்மா வைச்ச கொட்டிலுக்கும் ஊண்டின காலுக்கும் வித்தியாசம். ஒரு கன அடி கொங்கிறீட் 68 கிலோ. மேல சொன்ன பாதமும் ஒண்டரை அடித் தூணும் சேந்து ஒரு கால் 170 கிலோ, 6 காலும் ஒரு தொன். கொட்டில அதோட கட்டி வைச்சா புயலுக்கு அந்த ஒரு தொன்னையும் சேத்துத்தான் தூக்கோணும். கட்டாட்டி அந்தப் பாரத்தால ஒரு பிரயோசனமும் இல்ல. ஊத்தேக்கயே தூணுக்குள்ள 12 மில்லிமீற்றர் போல்ட் நிப்பாட்டி வையுங்கோ, அடி நுனிய வளைச்சு. பிறகு துளை போட்டு அடிக்கிறது ரெண்டாந்தரம். போல்ட் நட் எல்லாம் நாகம் பூசினதா (கல்வனைஸ்) வாங்குங்கோ, எங்கட கடல் காத்துக்கு சாதா இரும்பு ரெண்டு மூண்டு மாரியில தலை கழண்டிடும்.

தாங்கு மதில் வயிறு தள்ளுது

கொட்டிலுக்கு இடம் எடுக்க மேல் பக்கம் வெட்டி மதில் கட்டினவைக்கு இது. மதிலத் தள்ளுறது மண்ண விட பின்னால தேங்கி நிக்கிற தண்ணிதான். அடியில இருந்து அரை அடி உயரத்தில, 4 அடிக்கு ஒண்டு எண்டு 2 இஞ்சி பிவிசி பைப் வைச்சிருக்கோணும், பின்னால ஒரு அடிக்குச் சல்லி. ஓட்டையே இல்லாட்டி இப்பவே துளை போடுங்கோ, அடுத்த மழைக்குத் தண்ணி பீறிட்டு வாறதப் பாத்தா எவ்வளவு பாரம் நிண்டது எண்டு தெரியும். கருங்கல் மதில் எண்டா அடி அகலம் உயரத்தில பாதியாவது வேணும். 4 அடிக்கு மேல போற மதில் எண்டா மேசன்ட கைக்கணக்கில விடாம ஒரு எஞ்சினியரக் கூப்பிடுங்கோ. மதிலுக்கு மேல் பக்கம் கொட்டில் போடுறதெண்டா மதில் எவ்வளவு உயரமோ அவ்வளவாவது விளிம்ப விட்டுத் தள்ளி நிக்கோணும்.

கறையான்

காலில மண் குழாய் ஏறியிருக்கோ எண்டு மாசம் ஒருக்காப் பாருங்கோ. மரக்கால நேரா மண்ணில நடுறது, அது பாலை மரமா இருந்தாலும், இந்த ஊரில வேண்டாம். தூண் தலையில தகரத்த 2 இஞ்சி வெளியில நீட்டி வளைச்சு வைச்சு அதுக்கு மேல வளைய ஏத்தினா கறையான் வராது எண்டில்ல, வந்தா அந்தத் தகரத்தச் சுத்தி ஏறேக்கக் கண்ணுக்குத் தெரியும். அதுக்காகவே கொட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாக்க ஒரு அடி இடைவெளி விடுங்கோ, அந்த இடைவெளியில விறகு அடுக்காதேங்கோ.

இனித்தான் போடப்போறீங்கள் எண்டா

முதல் கொட்டில் எந்தப் பக்கம் திரும்பி நிக்கோணும் எண்டு பாருங்கோ, இதுக்கு ஒரு சதமும் செலவில்ல. 5 அடிக்கு ஒரு அடி இறங்கிற சரிவில 12 அடிக்கு 6 அடி கொட்டில நீளப் பக்கம் சரிவோட போட்டா மேலுக்கும் கீழுக்கும் 29 இஞ்சி வித்தியாசம். நீளப் பக்கத்த சரிவுக்குக் குறுக்கத் திருப்பினா 14 இஞ்சிதான். பாதி வேலை அதிலயே முடியுது.

கொட்டில் நிக்கிற அளவுக்குள்ள இறக்கம் 6 இஞ்சிக்குள்ள எண்டா மேல் பக்கத்த வெட்டி மட்டமாக்கி, சுத்திவர புளொக் கல்லு வைச்சு, 4 இஞ்சிக்குச் சல்லி பரப்பி இடிச்சு அதில வைக்கலாம், மலிவு, தண்ணியும் வடியும். ஆனா அத மண்ணில ஆணி அடிச்ச மாதிரிக் கட்ட ஏதாவது வேணும், நாலு மூலையிலயும் ஒவ்வொரு கொங்கிறீட் கால் ஊண்டி கட்டுங்கோ. 6 இஞ்சியில இருந்து ரெண்டரை அடி வரைக்கும் எண்டா நான் கண்ண மூடிக்கொண்டு கொங்கிறீட் கால் எண்டுதான் சொல்லுவன், நிலத்தக் கிண்டிக் குழப்பத் தேவையில்ல, தண்ணி அடியால ஓடிப் போகும், ஒரு கால் இறங்கினா அந்தக் கால மட்டும் பாக்கலாம். 6 காலுக்கு மூண்டு நாலு சீமெந்துப்பை காணும். அதுக்கு மேல இறக்கம் எண்டா தாங்கு மதில் கட்டித் தட்டு வெட்டுறதோ தாங்கி போட்ட நெட்டைக் காலோ, ரெண்டும் காசு, அந்த நேரம் வளவில வேற இடம் இருக்கோ எண்டு திரும்ப ஒருக்காப் பாருங்கோ.

முழுக்கக் கொங்கிறீட் தரை நல்லாத்தான் இருக்கும், மோட்டார் சைக்கிள் ஏத்திறதெண்டா அதுதான் வேணும், ஆனா சரிவில அதுக்கு வெட்டு, மதில், கான் எல்லாம் சேத்துக் கணக்குப் பாத்தா கொட்டில விட தரை விலை கூடும்.

மூலை சதுரத்துக்கு 3, 4, 5 கணக்கு: ஒரு பக்கம் 3 அடி, மற்றப் பக்கம் 4 அடி குறிச்சு குறுக்க 5 அடி வந்தாச் சரி. சரிவில இந்த அளவ நிலத்தோட படுக்க வைச்சு அளக்கக் கூடாது, நூலக் கிடையா இழுத்துக் கட்டி நூலில அளக்கோணும், இல்லாட்டிக் கீழ் வரிசைக் கால் உள்ளுக்கு வந்திடும்.

மணல் விசயத்தில கவனம். கடற்கரையில சும்மா கிடைக்குது எண்டு அள்ளிக் கலக்காதேங்கோ, உப்பு கம்பியத் திண்டு கொங்கிறீட்ட உள்ளுக்க இருந்து வெடிக்க வைக்கும், அள்ளுறதும் குற்றம். ஆத்து மணல் வாங்குங்கோ, வாங்கேக்க ஒரு பிடிய நாக்கில வைச்சுப் பாக்கிற மேசன்மார் இருக்கினம், அது பகிடி இல்ல. வேலை மாசியில இருந்து ஆவணிக்குள்ள முடியோணும். வெயில் காலத்தில ஊத்தின கொங்கிறீட்டுக்கு 7 நாளாவது ஈரச் சாக்குப் போட்டு காலமையும் பின்னேரமும் தண்ணி விடோணும், அது முடிய முதல் கொட்டில் பாரத்த அதில ஏத்தாதேங்கோ.